ஐந்து மணிக்குக் கிணறு மூடப்படும்

அத்தியாயம் 9

மண் ஏற்றிய டிராக்டர் லூசியாவின் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ஐந்து மணிக்குத்தான் மூடுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. கண்மாய்க் கரை உடைத்துக்கொண்டால் மூன்று நாள் கழித்து மண்வெட்டி தேடுகிற ஊர் வேலாங்கரை. அடுத்தவள் கிணற்றை மூடுவது என்றால் மட்டும் மூன்று மணி நேரம் முன்னாலேயே ஆஜர்.

பெனோ தன் பழைய ஸ்கூட்டரின் பின் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றான். யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். காலையிலிருந்து இது இரண்டாவது தடவை.

"இந்த ஊருக்கு மேல இருந்து எறங்குனது ஒண்ணு. என் டயர்ல இருந்து எறங்குனது ரெண்டு. அதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வாராரு. இதுக்கு யாரு வருவா?" என்றான்.

அவன் கேட்டது உமையாளிடம். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைப் பார்வையிட்டவள் அவள். எரிந்த லாரி எது, எரித்த லாரி எது என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள். அந்த வேலையை உதறிவிட்டுக் காரைக்குடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. பெனோ அவளுடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்குபவன். சம்பளம் ஒன்றுதான்.

அவள் தன்னை உதவிக்கு வரவழைத்த லூசியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூசியா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. கணவன் சேசுராஜ் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். இங்கே ஒன்றரை ஏக்கர் கத்தரி, இரண்டு எருமை, இந்தக் கிணறு. கிணறு போனால் மற்ற இரண்டும் தானாகப் போய்விடும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

"எந்திரிச்சு வீட்டுக்குப் போத்தா. மண்ணு கொட்டும்போது மேல விழும்" என்றான் டிராக்டர்க்காரன்.

"விழட்டும். என்னையும் சேத்து மூடுங்க" என்றாள் லூசியா.

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

நடந்தது இவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானத்தில் இடி போல ஒரு சத்தம். அடுத்த நிமிடம் லூசியாவின் கத்தரிக்காட்டில் ஓர் இரும்பு உருண்டை வந்து விழுந்தது. விழுந்து, எகிறி, கிணற்றுச் சுவரில் மோதி நின்றது. ஏதோ ஒரு நாட்டு ராக்கெட்டின் உதிரி பாகம், வேலை முடிந்து விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த குப்பை, என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். தாசில்தார் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வருவார், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று தலையாரியைக் காவல் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தலையாரி சோணைமுத்து மத்தியானக் கஞ்சிக்குப் போய் வருவதற்குள் உருண்டையைக் காணோம்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உருண்டையில் விஷம் இருந்தது, அது கிணற்றில் இறங்கிவிட்டது, அந்தத் தண்ணீர் குடித்த எருமையின் பாலும் விஷம், அந்தத் தண்ணீர் பாய்ந்த கத்தரியும் விஷம் என்று பேச்சு வளர்ந்தது. பால்காரன் லூசியா வீட்டுப் பக்கம் வரவில்லை. காய் பறிக்க ஆள் வரவில்லை. புதன்கிழமை அவள் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. வியாழக்கிழமை, உருண்டையை அவளே பழைய இரும்புக்கடையில் விற்றுவிட்டாள் என்றார்கள். உமையாள் காரைக்குடியில் அத்தனை இரும்புக்கடையும் ஏறி இறங்கிவிட்டாள். அங்கே ஒன்றும் இல்லை.

ஊரின் கட்டளை எளிமையானது. இன்று, வெள்ளிக்கிழமை, அதிகாரி வரும்போது உருண்டையைக் காட்டி, விஷம் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து மணிக்குக் கிணறு மூடப்படும்.

கட்டளை போட்டவர் சேவுகப்பெருமாள் அம்பலம். ஊர்ப் பெரியவர். மீசைக்கு எண்ணெய் போடுகிறவர். அவருடைய கிணறு மூன்று வருடமாக வறண்டு கிடக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் லூசியாவின் கிணற்றில் எட்டு முழத்தில் தண்ணீர். கடவுள் இப்படிப் பாரபட்சம் பார்ப்பது அம்பலத்துக்குப் பிடிக்கவில்லை.

"அவருதான் அக்கா. இதுக்கு எதுக்குத் துப்பறியணும்?" என்றான் பெனோ.

"எனக்கும் தெரியும். உனக்கும் தெரியும். உருண்டை எங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வேலை பாக்குறேன்?"

"யோசி. ஊரே பயந்து கிடக்கு. இருபது அடிக்குப் பக்கத்துல ஒருத்தன் போகலை. அப்ப தூக்கினது பயமில்லாத ஒருத்தன். விஷம்னு வெளிய சொல்லிக்கிட்டு, விஷமில்லைன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்ச ஒருத்தன்."

"பயமில்லாததுன்னா இந்த ஊர்ல மூணு பேரு. நீங்க, லூசியாக்கா, லூசியாக்காவோட எருமை."

"உன்னை விட்டுட்டியே."

"எனக்குப் பயம்தான். சம்பளம் வாங்குறதால வெளிய காட்டிக்கிறதில்ல."

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் கொதித்துக்கொண்டிருந்த பால் சட்டியை மூடினார்.

"டீ இல்ல."

"கொதிக்குதே" என்றான் பெனோ.

"அது மாட்டுக்கு."

பெனோவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. காலையில் ஒருவன் இவன் மேலே சாணித் தண்ணீர் தெளித்துவிட்டுத் தெரியாமல் பட்டுவிட்டது என்றான். ஒரு கிழவர் வழி கேட்டதற்குக் கண்மாய்க்குள் போகச் சொன்னார். உருண்டை எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காய் அளவு இருந்த உருண்டை, வெள்ளிக்கிழமைக்குள் வைக்கோல் படப்பு அளவுக்கு வளர்ந்திருந்தது. பச்சையாக எரிந்ததாம். உறுமியதாம். பக்கத்தில் போன கோழி நின்ற இடத்திலேயே வெந்துவிட்டதாம். கிட்டத்தில் பார்த்த சோணைமுத்து ஒருவர்தான் சரியாகச் சொன்னார். சாம்பல் நிறம், பூசணி அளவு, ஓர் ஆள் தூக்கிவிடலாம்.

"எழுபத்தொன்பதுல அமெரிக்காக்காரன் ஸ்கைலாப் வானத்துல இருந்து விழப்போகுதுன்னு இதே ஊர்ல இருந்த ஆட்டையெல்லாம் அடிச்சுத் தின்னாகளாம். சாகுறதுக்கு முன்னாடி கறி தின்னுட்டுச் சாவோம்னு" என்றான் பெனோ. "இந்தத் தடவை கறிகூட இல்ல. வெறும் வயித்தெரிச்சல் மட்டும்."

கைப்பம்பு கொல்லன் பட்டறையில்தான் இருந்தது. காசைக் கையில் பிடித்த பிறகே கொல்லர் பம்பைக் காட்டினார். பெனோ காற்றடித்தான். பட்டறை வாசலில் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து, சுண்டுவிரல் கனத்தில் முனை ஒடிந்த ஓர் உளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"நேத்து ரெண்டு. இன்னைக்கு ஒண்ணு" என்றார் கொல்லர் அவரிடம். "என் நெருப்பைக் குறை சொல்லாத. உன் கையைச் சொல்லு."

"முப்பது வருசமா வெட்டுறேன். என் கையில என்னத்தக் குறை கண்ட?"

உமையாள் நின்றாள். "என்ன வெட்டுறீக அண்ணே?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லர்தான் சொன்னார்: "இவரு கோட்டைச்சாமி. காரைக்குடி. பாத்திரத்துல பேரு வெட்டுறவரு. அம்பலம் வீட்டுல கல்யாணம். சீர்ப் பாத்திரத்துக்கெல்லாம் பொண்ணு பேரு வெட்ட வந்திருக்காரு. வாயை மூடுய்யான்னா மூடுறாரு, உளி ஒடிஞ்சா மட்டும் திறக்குறாரு."

கரண்டியிலிருந்து அண்டா வரை பேர் வெட்டாத பாத்திரம் இந்தச் சீமையில் பெண்ணோடு வண்டி ஏறாது. பாத்திரம் தொலைந்தால் போகிறது, யார் வீட்டுப் பாத்திரம் என்பது மட்டும் தொலையக் கூடாது. பெனோவுக்கு இதில் அதிசயமாக ஒன்றும் படவில்லை. அவன் பம்பை இன்னும் நாலு அழுத்து அழுத்தினான்.

உமையாள் கோட்டைச்சாமிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"ஒரு உளி எத்தனை பாத்திரத்துக்கு வரும்?"

"எவர்சில்வர்னா நூறு. பித்தளைன்னா கணக்கே இல்ல."

"மூணு உளி போச்சுன்னா முந்நூறு பாத்திரமா?"

"முந்நூத்திப் பன்னெண்டு பாத்திரம், முக்காவாசி பித்தளை. முந்நூத்திப் பதினொண்ணுக்கு ஒரே உளி" என்றார் கோட்டைச்சாமி. பிறகு, பேசிவிட்டோமே என்பது போல உதட்டைக் கடித்தார். "வேலை பாக்குற வீட்டு விசயம் வெளிய பேசுறதில்ல. நீங்க அந்தக் கிணத்துக்காரி ஆளுதானே. அங்குட்டுப் போங்க."

"போறேன். மிச்சம் ஒரு பாத்திரத்துக்கு மூணு உளி ஒடிச்ச கையை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அதான் நின்னேன்."

கோட்டைச்சாமியின் முகம் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்து, படபடவென்று ஏதோ சொன்னார். பம்பு கீச்சிட்டதில் பெனோவின் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. உமையாள் எழுந்து வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. எரித்த லாரியைக் கண்டுபிடித்த நாளிலும் அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"டிக்கியில உன் சாப்பாட்டுத் தூக்கு இருக்கா?"

"இருக்கு. தயிர்சோறு பாதி இருக்கு."

"சோத்தைத் தின்னுட்டுத் தூக்கைக் கழுவிக் கொடு."

"அதுல எங்கம்மா பேரு வெட்டியிருக்கு. பெல்சின்னு. காணோம்னா என்னைய வெட்டும்."

"அந்தப் பேர் தேஞ்சு போச்சு, திருப்பி வெட்டணும்னு இவர்கூட உள்ள போகப்போறேன். சீக்கிரம் தின்னு. மணி மூணு."

அம்பலம் வீடு ஊருக்கு நடுவில் இருந்தது. பந்தல் கால் நட்டு, வாழை கட்டத் தயாராக இருந்தது. புதன்கிழமை கல்யாணம். அம்பலம் வீட்டில் இல்லை. அதிகாரி வந்து வெறுங்கையோடு திரும்புவதைக் கண்ணாரப் பார்க்கக் கிணற்றடிக்குப் போய்விட்டாராம். அவர் மனைவி மலையம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"கிணத்துக்காரி வீட்டு ஆளா?"

"ஆமா. தூக்குல பேரு வெட்டணும். கோட்டைச்சாமியண்ணன் இங்கதான் இருக்காருன்னு வந்தேன்" என்றாள் உமையாள்.

மலையம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "பொம்பளை மட்டும் வரலாம். இந்தத் தடியன் வெளியவே நிக்கட்டும். சாமான் இருக்குற வீடு."

தடியன் வெளியே நின்றான். வீட்டு நாய் அவன் காலை மோந்து பார்த்தது. ஊரில் இன்றைக்கு அவனிடம் விரோதம் காட்டாத முதல் ஜீவன் என்று பெனோ அதன் தலையைத் தடவப் போனான். அது உறுமியது.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. முதலில் மலையம்மாளின் அதட்டல். பிறகு கோட்டைச்சாமி ஏதோ மன்றாடினார். பிறகு உமையாளின் அமைதியான குரல். கடைசியில் மலையம்மாளே வாசல் வரை வந்தாள். குரல் மாறியிருந்தது.

"பாப்பா பேரு பளிச்சுன்னு தெரியணும். சம்பந்தி வீட்டுல ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாக. காரைக்குடி மிஷின்ல நல்லா ஆழமா வெட்டிட்டு ராத்திரிக்குள்ள கொண்டாந்துரணும், கோட்டை."

"சரிங்க ஆத்தா."

கோட்டைச்சாமி சாக்கில் சுற்றிய ஒரு பாத்திரத்தைத் தூக்கி வந்து ஸ்கூட்டரில் பெனோவின் கால்களுக்கு நடுவே வைத்தார். நல்ல கனம். ஸ்கூட்டர் ஒரு பக்கம் சாய்ந்தது.

"இது என்ன அக்கா, இட்லிச் சட்டியா?"

"முட்டியால கெட்டியாப் பிடிச்சுக்க. காரைக்குடிக்கு இல்ல. கிணத்தடிக்குப் போ."

"பாவம் அக்கா அந்தம்மா. நம்பிக் கொடுத்துருக்காக."

"தெரியும். போ."

நாலேகாலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முந்நூறைத் தாண்டியிருந்தது. சென்னை அதிகாரி வந்திருந்தார். ஒல்லியான மனிதர். கையில் பெட்டி. முகத்தில், வெயிலில் இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க ஒன்றுமில்லையே என்கிற எரிச்சல்.

அம்பலம் கிணற்றுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டியில் ஒருவர். மாப்பிள்ளையின் அப்பா, கொத்தமங்கலத்துக்காரர். கல்யாணப் பேச்சுக்கு வந்தவரைத் தன் அதிகாரத்தைப் பார்க்கட்டும் என்று அம்பலம் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"நீங்களே பாத்துக்கங்க சம்பந்தி" என்றார் அம்பலம் எல்லோருக்கும் கேட்கும்படி. "அது பட்ட இடம் பட்டுப்போகும். அது தொட்ட பொருளை வீட்டுக்குள்ள விடலாமா? புள்ளகுட்டி இருக்குற ஊரு. நான் ஒருத்தன் கேக்கலைன்னா யாரு கேப்பா?"

"கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றது கூட்டம்.

உமையாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பின்னால் பெனோ சாக்கை மார்போடு அணைத்தபடி நடந்தான். அதிகாரியின் காலடியில் வைக்கச் சொன்னாள். வைத்தான். சாக்கை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தான்.

சாம்பல் நிறம். பூசணி அளவு. அடியும் இல்லை, வாயும் இல்லை. இரண்டு துருவத்திலும் எரிந்து கருகிய துளை.

பெனோவின் கால்கள் அவனைக் கேட்காமல் நான்கு அடி பின்னால் போயின. மூன்று கிலோமீட்டர் முட்டிக்கு நடுவில் வைத்து, அதன் மேல் தாளம் வேறு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கூட்டம் நாற்பது அடி பின்வாங்கியது. டிராக்டர்க்காரன் டிராக்டரை விட்டுவிட்டு ஓடினான்.

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றான் பெனோ.

"சொன்னா நீ ஓட்டியிருப்பியா?"

அம்பலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆனால் பின்வாங்கவில்லை. முகம் மட்டும் சுண்டியது. அதிகாரி மண்டியிட்டு, பெட்டியைத் திறந்து, ஏதோ கருவியை உருண்டை மேல் ஓட்டினார். லூசியா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ராக்கெட்டில் காற்று அடைத்து வைக்கும் குடுவை" என்றார் அதிகாரி. "பார்த்தவரை ஆபத்தாக எதுவும் தெரியவில்லை."

"அப்ப தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லுங்கய்யா" என்றாள் லூசியா.

"அதை நான் வாயால் சொல்ல முடியாதம்மா. தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதிக்க வேண்டும். எழுத்து மூலமாக அறிக்கை வரும். பதினைந்து நாள் ஆகும்."

லூசியாவின் முகத்தைப் பெனோவால் பார்க்க முடியவில்லை. இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் காகிதம் வந்து குறுக்கே நின்றது. அம்பலத்துக்கு உயிர் திரும்பியது. தொண்டையைச் செருமினார்.

"கேட்டுக்கிட்டீகளா. ஆபீசரே சொல்ல மாட்டேங்குறாரு. சந்தேகம்னு வந்துட்டா ஒரு நாள்கூட விடக்கூடாது. பதினஞ்சு நாளைக்குள்ள நம்ம புள்ளைக செத்தா யாரு பொறுப்பு? மண்ணைத் தள்ளுங்கடா. நல்ல தண்ணின்னு காயிதம் வந்தா அவ திருப்பித் தோண்டிக்கிரட்டும்."

"தள்ளுங்கடா" என்றது கூட்டம். ஓடின டிராக்டர்க்காரனை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். ஒரு கல் பறந்து வந்து கிணற்றுச் சுவரில் பட்டது.

உமையாள் அசையவில்லை. "தள்ளட்டும். அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இதைப் படிச்சுட்டுப் போங்க. எழுத்து இருக்கு."

"என்ன எழுத்து? ரஷ்யா எழுத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தமிழ்தான்."

யாரும் பக்கத்தில் வரவில்லை. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உருண்டையைத் திருப்பினார். வரிசையாக எட்டு எழுத்து, மெல்லிய கீறலாக, ஆனால் அழகாக வெட்டப்பட்டிருந்தது. அவர் புருவத்தைச் சுளித்தபடி உரக்கப் படித்தார்.

"சத்தியப்பிரியா."

அம்பலத்தின் மகள் பெயர் அது. அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருந்தார்கள்.

அத்தனை பேரும் அம்பலத்தைப் பார்த்தார்கள். ஸ்கூட்டர் கிணற்றடிப் பக்கம் திரும்பியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கோட்டைச்சாமிக்கு விஷயம் இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நாக்கு குழறியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வைக்கப்படப்பு அளவு, பச்சையா எரியுதுன்னாக. இது மூலையில சாக்குக்கு அடியில சும்மா கிடந்துச்சு. புது மாதிரி குக்கரு, மூடி பின்னாடி வரும்னு நெனச்சேன். உள்ள இருக்குற அத்தனையிலயும் எம் பொண்ணு பேரு இருக்கணும், ஒண்ணு விட்டாலும் கூலி கிடையாதுன்னு அம்பலம்தான் திங்கக்கிழமை சொன்னாரு. மூணு உளி போச்சுங்க. ஆனா பேரை விடலை."

"எவனோ கொண்டாந்து என் வீட்டுல வச்சிருக்கான்" என்றார் அம்பலம்.

"வச்சிருக்கலாம்" என்றாள் உமையாள். "சீர்ச் சாமான் இருக்குற அறைக்குச் சாவி ஒண்ணுதான். உங்க இடுப்புல தொங்குது. பகல்ல திறந்திருக்கும்போது உங்க வீட்டம்மா வாசல்ல உக்காந்திருக்காக. என் உதவியாளைக்கூட உள்ள விடலை, நல்ல காவல். சரி, எவனோ வச்சான்னே இருக்கட்டும். நான் அதைக் கேக்கலை."

அவள் மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமையில இருந்து நாலு நாள் இது சீர்ச் சாமானோட ஒண்ணாக் கிடந்திருக்கு. முந்நூத்திப் பதினொரு பாத்திரம். குடம், தவலை, சோத்துப் பானை, பால் சொம்பு. இதைத் தொட்ட கையாலதான் அம்புட்டுலயும் பேரு வெட்டியிருக்கு. அது தொட்ட பொருளை வீட்டுக்குள்ள விடலாமான்னு அம்பலம் இப்பத்தான் உங்ககிட்ட கேட்டாரு. அறிக்கை வரப் பதினஞ்சு நாள். கல்யாணம் புதன்கிழமை."

கொத்தமங்கலத்துக்காரர் தோள்துண்டை எடுத்து உதறினார். நாற்காலியை அம்பலத்துக்கு எதிராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"என்ன சம்பந்தி. விசமா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்க வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அம்பலத்தின் வாய் திறந்தது, மூடியது. விஷம் என்றால் மகளின் கல்யாணம் நிற்கும். இல்லை என்றால் நாலு நாள் ஊரைக் கூட்டிச் சொன்னது அத்தனையும் பொய். நாலு நாளாக அவர் பின்னால் நின்று கத்திய கூட்டம் இப்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் கண்ணில் இருந்த வெறுப்பு அதே வெறுப்புதான். ஆள்தான் மாறியிருந்தது. பெனோவுக்குக் கேலி பேசத் தோன்றவில்லை. இந்த ஊர் இவரையும் ஒரு சாயங்காலத்தில் மூடிவிடும் என்று தோன்றியது.

"விசமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அம்பலம். "சும்மா இரும்பு."

"சும்மா சொன்னா எப்படி?" என்றார் சம்பந்தி. "நாலு நாளா ஒண்ணு சொன்னீக. இப்ப ஒண்ணு சொல்றீக. எதை நம்புறது? அந்தத் தண்ணியைக் குடிங்க பாப்போம்."

அம்பலம் மெதுவாகக் கிணற்றை நோக்கி நடந்தார். கூட்டம் வழிவிட்டது. லூசியாவின் முன்னால் போய் நின்றார். அவள் நகரவில்லை.

"ஒரு செம்பு தண்ணி கொடும்மா" என்றார்.

"நாலு நாளாக் கறந்த பாலைக் கீழ ஊத்துனேன்" என்றாள் லூசியா. "என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல தள்ளி உக்கார வச்சாக. செம்பு தரமாட்டேன். கயிறும் வாளியும் அந்தா கிடக்கு. இறைச்சுக் குடிங்க."

அவர் கயிற்றை எடுத்தார். பழக்கமில்லாத கை, வாளி சுவரில் இரண்டு தடவை மோதியது. இழுத்து மேலே கொண்டுவந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முந்நூறு பேர் அவர் தொண்டை அசைவதைப் பார்த்தார்கள்.

"நல்ல தண்ணிதான்" என்றார், லூசியாவுக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்குத் தெரியும். எங்கிட்ட ஏன் சொல்றீக?" என்றாள் லூசியா. "அங்குட்டுத் திரும்பிச் சொல்லுங்க. நாலு நாளா சொன்னீகள்ல, அதே சத்தத்துல சொல்லுங்க."

அம்பலம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.